பதினேழாம் எண்ணின் தலை

பெங்களூர்
11 பிப்ரவரி 2004

வளராது. முப்பத்தொரு வயதானவரின் மூளை ஒரே வருடத்தில் வளர்ந்துவிடாது, செல்லக்கனி. சுருங்கலாம். அந்தச் சுருக்கத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். உன் வீட்டுக்காரர் சுடலையண்ணனுடையது வளர்ந்திருக்கிறது.

என் வேலை இதுதான். பூந்தமல்லியில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் குறுந்தகட்டில் இங்கே வருகின்றன. ஒரு தலை, காது முதல் காது வரை, சீவல் சீவலாக. ஒவ்வொரு சீவலிலும் மூளையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுகிறேன். நடுவில் நீர் நிற்கும் அறைகளைச் சுற்றியும். மூளை சுருங்கினால் அந்த அறைகள் அகலும். போன வருடப் படத்தின் மேல் இந்த வருடப் படத்தை வைத்தால் தெரிந்துவிடும். உங்கள் கம்பெனியில் கார்க் கதவு ரப்பருக்குப் பசை தடவுகிறவர்கள் நாள் முழுக்கத் தின்னர் வாடையை இழுக்கிறார்கள். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பது கேள்வி.

ஒன்றின் மேல் ஒன்றை வைக்க மண்டையோடுதான் பிடிமானம். வளர்ந்த மனிதனின் மண்டையோடு மாறாது. பதினேழாம் எண்ணுக்கு அது பொருந்தவில்லை. கணினிக்கு வெட்கமில்லை. ஒரு தலையை இழுத்து, நசுக்கி, இன்னொரு தலைக்குள் திணித்துவிட்டு, வேலை முடிந்தது என்று மணியடித்தது.

படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும். பதினேழு யார் என்று எனக்குத் தெரிந்திருப்பதே தப்பு. ஆனால் போன வருடம் நானே வந்திருந்தேன். எந்திரத்திலிருந்து எழுந்து வந்து அண்ணன் சொன்னார்: "ஏ நாச்சி, உள்ள எவனோ தகரத்தப் போட்டு அடிக்கான். அவனுக்கு ஓ.டி. குடுப்பாவளா?" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு எண்ணும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருடப் படத்தில் முன்பல் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை. உலோகம் இருந்தால் அப்படி விழும். அண்ணன் பல் கட்டிக்கொண்டாரா?

இது அண்ணன் இல்லை என்று நினைக்கிறேன். காண்ட்ராக்டர் ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறான். நல்ல தலையாகப் பொறுக்கி, கத்தரிக்காய் பொறுக்குவது போல.

அவர் எப்படி இருக்கிறார்? தீபாவளிக்கு 'சுகம்' என்று ஒரே சொல் எழுதியிருந்தாய்.

நாச்சியார்


பென்னலூர்
19 பிப்ரவரி 2004

நாச்சி,

உன் படம் பொருந்தாவிட்டால்தான் எங்கள் நினைவு வருகிறது. பொங்கலுக்கு ஒரு கார்டு கிடையாது. நாங்குநேரி பஸ் ஸ்டாண்டில் ஒரே சுண்டல் பொட்டலத்தில் கை விட்டுத் தின்றவர்கள் நாம். இப்போது நான் உனக்குப் பதினேழாம் எண்ணின் பெண்டாட்டி.

அவர் நன்றாக இருக்கிறார். ஒரு நாள் லீவு போடுவதில்லை. குடிப்பதும் இல்லை.

நேற்று வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் வாசலில் நின்று கத்தினார். இந்த ஊர்க்காரர். கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் வரிசையாக அறை கட்டி எங்களைப் போன்ற தெற்கத்தி ஆட்களுக்கு விட்டிருக்கிறார். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு மோட்டார போட்டுட்டு அப்டியே நின்னுகினு கீறாரு! டேங்கு ரொம்பி தெருவெல்லாம் ஓடுது. கேட்டா, யாரு போட்டதுன்னு என்னியே கேக்குறாரு!" ஷிப்டு முடித்து வந்த ஆள். அசதி. யாருக்கும் மறக்கும்.

வாடை உண்மைதான். பசை கையை விட்டுப் போகாது. தின்னரில் கழுவிவிட்டு அதே கையால் சோறு பிசைகிறார். அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவர் தின்ற தட்டை நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவுகிறேன். தலையணை உறையை வெந்நீரில் முக்கியெடுத்தாலும் பெயிண்டுக் கடையில் படுத்திருப்பது போல இருக்கிறது.

ஏப்ரலில் பெர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து காண்ட்ராக்டிலேயே கிடக்கிறார். இந்தத் தடவை பேர் வரும் என்று சூப்பர்வைசர் மோகன் சொல்லியிருக்கிறார். இந்த நேரம் பார்த்து மண்டை, ஓட்டை என்று எதையும் கிளறாதே. காண்ட்ராக்டர் யாரையும் மாற்றி அனுப்பவில்லை. பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது.

செல்லக்கனி


பெங்களூர்
27 பிப்ரவரி 2004

செல்லக்கனி,

கிளறிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே.

பேராசிரியர் இராமச்சந்திரனிடம் இரண்டு படங்களையும் கொண்டு போனேன். வடை தின்றுகொண்டிருந்தார். போன மாதக் குறுந்தகடு ஒன்றின் மேல் டீ டம்ளர். யாருடைய தலையோ. வட்டமாகக் கறை.

"பல்லு கட்டியிருப்பான்மா. ஃபேக்டரி ஆளுங்க. விழுந்து கிழுந்து ஒடச்சிருப்பான்."

"மண்டையோடு, சார்?"

"போன வருஷம் பழைய மெஷின். கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். மண்டையோட்டு அளவால வகுத்துடு. சரியாயிடும்."

வகுத்தேன். சரியாகிவிட்டது. பெரிய தலை, சிறிய தலை என்ற வித்தியாசம் போய்விட்டது. பதினேழுக்கு வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை. ஒழுங்கான மனிதன். இந்த முறையில் எதையும் எதனோடும் பொருத்தலாம். உன் தலையை என் தலையோடு. அவருடைய தலையை ஒரு பூசணிக்காயோடு.

பிறகு மற்ற எண்களையும் திறந்து பார்த்தேன். இன்னும் பல பேர் பொருந்தவில்லை. எல்லோரும் பசைப் பிரிவு.

அறைக்குப் போனால் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் கோடு போட்ட மூளைகள். இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன், அருவருப்பு இருந்ததில்லை. சுத்தமான சாம்பல் நிறப் படங்கள். இரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. அதுதான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஆய்வு நெறிக் குழுவுக்கு எழுதப் போகிறேன். கம்பெனி ஆட்களை மாற்றி ஏமாற்றியது என்று. அண்ணனுடைய பெயரைச் சொல்ல அவர் சம்மதம் வேண்டும். கேட்டு எழுது.

நாச்சியார்


பென்னலூர்
6 மார்ச் 2004

நாச்சி,

கம்பெனி இல்லை. காண்ட்ராக்டர் இல்லை. நான்.

உட்கார்ந்து படி. எங்கள் லைன் வீடுகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், அறையில் இருக்கும் இன்னொருவன் அவன் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவான். வருகை விட்டுப்போகக் கூடாது. கேட்டில் இருப்பவன் கார்டைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். காண்ட்ராக்ட் ஆளுக்கு முகம் எதற்கு? இதை இங்கே யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. பக்கத்து அறையில் ஒரு கரண்டி புளி கேட்பது மாதிரி.

ஜனவரியில் போர்டில் ஒட்டினார்கள். பசைப் பிரிவு, எல்லோருக்கும் ஸ்கேன். மோகன் சத்தமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "பாத்துக்கோங்கபா, மண்டைல கோளாறுன்னு வந்துச்சின்னா ஏப்ரல் லிஸ்ட்ல பேரு இருக்காது." விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. அன்று சாயங்காலமே பென்னலூரில் பாதி அறைகளில் கார்டு கை மாறிவிட்டது. உடம்பு சரியில்லாதவன் எல்லாம் சரியாக இருப்பவனைத் தேடினான்.

நம்பிராஜன் டெஸ்பாட்சில் பெட்டி தூக்குகிறவன். பசைப் பக்கமே போனதில்லை. என் கல்யாணத்துக்கு முன்பு இவரோடு ஒரே அறை. நானே போய்க் கேட்டேன். ஸ்கேன் முடிந்து வந்து அந்த எவர்சில்வர் பல் தெரியச் சிரித்தான்: "மதினி, அண்ணாச்சி மூளைக்கு நான் பாஸ் மார்க் வாங்கிக் குடுத்துட்டேன்லா. புரோட்டா வாங்கித் தாங்க." வாங்கிக் கொடுத்தேன்.

இது பரீட்சை இல்லை, ஆராய்ச்சி என்று போன வருடம் நீ சொன்னாய். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னாய். வெள்ளைக் கோட்டோடு இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தேறினவன், தேறாதவன் என்று பிரிக்கத்தான் வந்தார்கள். நீ வேறு என்று எப்படித் தெரியும்? உன்னைத் தெரிந்த எனக்கே தெரியவில்லை.

இப்போது உண்மையையும் கேட்டுக்கொள். அவர் ஒட்டுகிற ரப்பர் என் செக்கிங் மேசைக்குத்தான் வருகிறது. தலைகீழாக ஒட்டியது வந்தால் யாரும் பார்ப்பதற்குள் பிய்த்துத் திருப்பி ஒட்டுகிறேன். போன வாரம் நிறுத்தத்தில் நின்று வருகிற கம்பெனி பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். எது தன் பஸ் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தயிரைக் குடிதண்ணீர்க் குடத்தில் ஊற்றினார். நான் அடித்தேன். கன்னத்தில். அவர் சிரித்தார், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு என் கையைப் பார்க்கவும்.

இதை உன் பேராசிரியர் எதால் வகுப்பார்?

செல்லக்கனி


பெங்களூர்
20 மார்ச் 2004

செல்லக்கனி,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் உன் மேல் கோபம். நோயுள்ளவர்கள் எல்லோரும் நோயில்லாதவர்களை அனுப்பினால், தின்னர் நல்லது என்று படம் சொல்லும். சொல்லிவிட்டது. நீங்கள் ஒளித்தது உங்களுக்கு நேர்ந்ததைத்தான். அதற்குச் சாட்சி அந்தத் தலைகள் மட்டும்தான். அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள்.

பிறகு என் மேல். போன வருடம் அந்த வரிசைக்கு முன்னால் நின்று நான் பேசிய பேச்சை நினைத்துப் பார்த்தேன். 'பங்கேற்பாளர்கள்' என்று ஒரு சொல். யாரும் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இராமச்சந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் பெயர்களைத் தவிர. அவர் அதிர்ச்சியடையவில்லை. "சரி, ஆள்மாறாட்டம்னு எழுது. எழுதேன். நாளைக்கே எத்தனை பேருக்கு வேலை போகும் தெரியுமா? அவங்க சோத்துல மண்ணப் போடணுமா?" அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. உங்கள் சோற்றை எடுத்துத் தன் கட்டுரைக்கு முன்னால் மறைப்பாகக் கட்டிக்கொண்டார்.

கட்டுரை முடிந்துவிட்டது. 'பசைப் பிரிவுத் தொழிலாளர்களின் மூளை அளவில் ஒரு வருடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.' மூன்றாவது பெயர் என்னுடையது. கம்பெனிக்கு ஒரு பிரதி போயிற்று.

ஒரு வழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியங்களில் இங்கே எந்திரம் சும்மா கிடக்கும். அதை ஓட்டும் யாக்கோபு என்பவரிடம் கேட்டேன், சரி என்றார். அண்ணனை அழைத்து வா. அவருடைய சொந்தத் தலையோடு. போன வருடப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த இரண்டையும் யாரும் வகுத்து ஒன்றாக்க முடியாது. ஆனால் பட்டியலில் பேர் வராமல் போகலாம். வேலையே போகலாம்.

முடிவு உன்னுடையது. இப்படி எழுதுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாச்சியார்


பென்னலூர்
8 ஏப்ரல் 2004

நாச்சி,

பேர் வந்துவிட்டது. பெர்மனென்ட். பசைப் பிரிவிலேயே பெர்மனென்ட்.

பசை ஷெட்டின் கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைப்பதாகச் சொல்லி ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் கட்டுரை வந்தது. ஓட்டையைத் தகரம் வைத்து மூடிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். உன் ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டேதான்.

இரண்டாவது லைன் போடுகிறார்கள். டெஸ்பாட்சிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். நம்பிராஜனும் இனிமேல் பசைக்குத்தான். மோகன் அவன் தோளில் தட்டினார்: "பயப்படாத தம்பி. ஸ்கேனே சொல்லிடுச்சு. ஒண்ணியும் ஆவாது." நம்பிராஜன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ரப்பரைப் பார்த்தேன். அவன் வாங்கிக் கொடுத்த பாஸ் மார்க்கை அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

"இன்னாம்மா, ஸ்வீட்டு எங்க?" என்று சுந்தராம்பாள் அம்மா வந்து நின்றார். ஸ்ரீபெரும்புதூர் போய் மைசூர்பாகு வாங்கி வந்து எல்லா அறைக்கும் கொடுத்தேன். உன் அண்ணனுக்கும் ஒன்று. பாதி தின்றுவிட்டுக் கேட்டார்: "நல்லாருக்கே. யாருக்குட்டி பெர்மனென்ட்?"

மிச்சத்தை நாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நெய் இல்லை, வனஸ்பதி.

வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறோம். சித்திரை பிறக்கிற வாரம். இங்கேயே மெயின் ரோட்டில் ஏறினால் பெங்களூர் பஸ். கார்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார்.

எண் வேண்டாம். பேரைப் போடு. சுடலை, நாங்குநேரி. பசை தடவினவர் என்றும் போடு. வேலை போனால் போகட்டும். நான் செக்கிங்கில் இருக்கிறேன். யாரும் என் தலையை இன்னும் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

செல்லக்கனி


பெங்களூர்
29 ஏப்ரல் 2004

செல்லக்கனி,

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணனை அழைத்து வந்தாய். என் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டாய். அண்ணன் எந்திரத்திலிருந்து எழுந்து வந்து சொன்னதை நீயும் கேட்டாய்: "ஏ நாச்சி, உள்ள எவனோ தகரத்தப் போட்டு அடிக்கான். அவனுக்கு ஓ.டி. குடுப்பாவளா?" அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தி. யாக்கோபு மட்டும் சிரித்தார். அவருக்கு அது முதல் தடவை.

நீங்கள் போன பிறகு போன வருடப் படத்தின் மேல் இதை வைத்தேன். மண்டையோடு பொருந்தியது. இழுக்கவில்லை, நசுக்கவில்லை. கோட்டின் மேல் கோடு. "பொருந்திடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். சந்தோஷமாக. அறையில் யாரும் இல்லை. அந்தக் குரல் என்னுடையதுதான். அதை நீ கேட்டிருக்கக் கூடாது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு உள்ளே பார்த்தேன். நீரறைகள் அகன்றிருந்தன. மேலே மடிப்புகளுக்கு நடுவில் இடைவெளி. வேறொரு மருத்துவரிடம் வயதைச் சொல்லாமல் காட்டினேன். அறுபது இருக்குமா என்று கேட்டார். பசையை விட்டு விலகினால் இதற்கு மேல் போகாமல் இருக்கலாம் என்றார். போனது திரும்புமா என்று கேட்டேன். படத்தைத் திருப்பித் தந்தார். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அண்ணன் ஷெட்டுக்குப் போகவில்லை என்று யாக்கோபுக்கு போனில் சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை.

ஒரு தலை எதையும் நிரூபிக்காது என்று இராமச்சந்திரன் சொன்னார். சரிதான். ஆனால் இல்லாத தலைகளும் எதையும் நிரூபிக்காது என்றேன். பொருந்தாத படங்களை நீக்கிவிட்டு எண்ணச் சொன்னேன். அப்படி நீக்கினால் கட்டுரையே இல்லை என்றார். ஆமாம் என்றேன். வெளியே போகச் சொன்னார்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கும்படி எழுதிக் கொடுத்தேன். ஆய்வு நெறிக் குழுவுக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் எழுதினேன்: இரண்டாம் வருடப் படங்களில் பல அந்த மனிதர்களுடையவை அல்ல. மற்றவர்களின் எண்ணையோ பெயரையோ சொல்லவில்லை. அண்ணனுடைய இரண்டு படங்களையும் வைத்து, நீ சொன்னபடி பெயர், ஊர், செய்த வேலை எல்லாம் எழுதினேன். ஒரு பிரதி இந்த உறையில் இருக்கிறது. மடிக்காமல் வை.

இன்னொன்று. பதினேழின் இரண்டாவது படத்தை அழித்துவிடச் சொன்னார்கள் குழுவினர், போலி என்று. திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஆரோக்கியமான மூளை. முன்பல்லில் கறுப்பு ஓட்டை. நம்பிராஜன் பசைப் பக்கம் போவதற்கு முன் எடுத்த தலை. அவனிடம் சொல். அடுத்த வருடம் இதே நேரம் இங்கே வரச் சொல்.

படத்தை அழிக்கவில்லை. குறுந்தகட்டின் மேல் எண்ணை அடித்துவிட்டு, 'நம்பிராஜன், முதல் படம், ஜனவரி 2004' என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நாச்சியார்